கலம் திரும்பாது

திங்கட்கிழமைத் தபாலில் பதினேழு கடிதங்களும் நாற்பத்து மூன்று கிலோ நட்டும் வந்திருந்தன. நட்டு என்றால் போல்ட்டில் முடுக்குகிற இரும்பு நட்டுதான். ‘ஊழிக்கலம்’ தொடரின் ரசிகர்கள் ஒரு மாதமாக அவற்றைச் சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டி, தொடரின் எழுத்தாளருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு நட்டு கழன்றுவிட்டது, எடுத்து மாட்டிக்கொள்ளட்டும் என்பது செய்தி. எந்த அளவு கழன்றதென்று தெரியாததால் பலர் எல்லா அளவிலும் அனுப்பியிருந்தார்கள்.

அரங்கத் தச்சர் சாக்கைப் பிரித்துப் பார்த்து மனம் குளிர்ந்தார்.

“அரை இஞ்ச் நட்டு தீர்ந்துபோச்சுன்னு மூணு மாசமா எழுதிக் குடுத்துட்டிருக்கேன். ஆபீஸ் வாங்கித் தரல, ரசிகருங்க வாங்கித் தந்துட்டாங்க. அடுத்த தடவ வாஷரும் சேத்து அனுப்பச் சொல்லுங்கம்மா.”

“யார்கிட்ட சொல்றது?” என்றாள் அகராதி.

“உங்க தம்பிகிட்டதான். அவருதானே ரசிகர் படைக்குத் தளபதி.”

அவள் தன் அறைக்குள் போனாள்.

அகராதி என்பது பெற்றோர் வைத்த பெயரன்று, ரசிகர்கள் வைத்தது. கலத்தில் எத்தனை தளங்கள், எந்தத் தளத்து விளக்கு எந்த ஆண்டில் அணைந்தது, மூன்றாம் தலைமுறைத் தலைவிக்கு இடக்கையில் எத்தனை விரல்கள் என்று எதைக் கேட்டாலும் ஏட்டைப் புரட்டாமல் சொல்லிவிடுவாள் என்பதற்காக அன்போடு வைத்தார்கள். வாயாடிகளையும் அழுத்தக்காரிகளையும் வீட்டில் அதே சொல்லால் திட்டுவதுண்டு. அந்தப் பொருளும் மகளுக்குப் பொருந்தும் என்றே அவளுடைய அம்மா கடைசிவரை கருதினார்.

அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் தொடர்ச்சிச் சரிபார்ப்பாளர். எழுதப்படும் ஒவ்வொரு காட்சியும் முதலில் அவள் மேசைக்கு வரும். முன்னே சொன்னதற்கு முரணாகப் பின்னே ஏதும் வந்துவிடாமல் பார்ப்பது அவள் வேலை. அதற்காக அறையில் ஓர் இரும்பு அலமாரி. அதில் நாலாயிரத்துச் சொச்சம் அட்டைகள். அட்டைக்கு ஓர் உண்மை. வலப்பக்க மேல்மூலையில், அந்த உண்மை எந்த அத்தியாயத்தில் சொல்லப்பட்டது என்ற எண். எண் இல்லாத உண்மைக்கு அந்த அலமாரியில் இடமில்லை. காட்சி சரியென்றால் அடியில் பச்சை மையில் கையெழுத்திடுவாள். அதற்குப் பிறகுதான் தச்சர் பலகையை அறுப்பார். இருபத்தோராண்டுகளாக அப்படித்தான் நடந்துவந்தது.

ஊழிக்கலம் இருபத்தேழு ஆண்டுகளாக ஓடும் தொடர். கதை எளிது. பூமியிலிருந்து கிளம்பிய ஒரு விண்கலம், போய்ச் சேர முந்நூறு ஆண்டு பிடிக்கும் ஒரு விண்மீனை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே மனிதர்கள் பிறக்கிறார்கள், மணக்கிறார்கள், சொத்தில்லாத இடத்திலும் சொத்துத் தகராறு செய்கிறார்கள், இறக்கிறார்கள். பத்தொன்பது சீசன்களில் நான்கு தலைமுறைகள் வந்துபோயின. கலம் மட்டும் நேர்கோட்டில் போய்க்கொண்டேயிருந்தது. சென்ற மாதம், பத்தொன்பதாம் சீசனின் கடைசிக் காட்சியில், அது பூமியை நோக்கித் திரும்பிவிட்டது.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லையென்பார்கள். இணையத்தின் வாய் ஊர்வாயைக் காட்டிலும் பெரிது. நான்கு லட்சம் பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். ஒருவர் பழைய சீசன்களின் குறுந்தகடுகளை வாசலில் பரப்பி, மேலே காரை ஏற்றி, அதைப் படம்பிடித்துப் போட்டார். பழைய சீசன்கள் செய்த குற்றம் என்னவென்று அவர் விளக்கவில்லை. எழுத்தாளர் முன்பு ரயில்வேயில் கால அட்டவணை தயாரித்தவர் என்று தெரிந்ததும் அவருக்குத் ‘தண்டவாளம்’ என்று பெயர் சூட்டினார்கள். எல்லோர் வாயிலும் ஒரே எண் இருந்தது: எண்பத்தெட்டு.

எண்பத்தெட்டாம் விதி இது: கலம் திரும்பாது. திருப்பும் எந்திரத்தைப் புறப்பட்ட அன்றே கழற்றிவிட்டார்கள். அத்தியாயம் 31. முதலில் ரசிகர்களின் கையேட்டில் எழுதப்பட்ட விதி, பிறகு அலுவலக அட்டையில் ஏறியது. அட்டையிலிருந்து ஒன்பதாம் சீசனின் பள்ளிக்கூடக் காட்சிக்குப் போய்க் குழந்தைகளின் பாட்டாகியது. பாட்டிலிருந்து சட்டைக்கும், சட்டையிலிருந்து சிலருடைய தோலுக்கும் பச்சை குத்தலாகப் போய்ச் சேர்ந்தது.

முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை என்பது அகராதிக்குத் தெரியும். ஏனென்றால் அந்த விதியை இட்டுக்கட்டியவள் அவள்.

அந்த அத்தியாயத்தில் உள்ளது இவ்வளவுதான்: ஒரு சிறுமி பொறியாளரிடம், “நாம திரும்பிப் போக முடியாதா?” என்று கேட்கிறாள். பொறியாளர் கையிலிருந்த நட்டை நான்கு விநாடி முடுக்குகிறார். காட்சி முடிந்துவிடுகிறது. நடிகர் வசனத்தை மறந்துபோனார் என்பதும், மறந்ததே நன்றாயிருக்கிறதென்று இயக்குநர் விட்டுவிட்டார் என்பதும் அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு கேள்விப்பட்டவை. அந்தக் காட்சியைப் பார்த்தபோது அவளுக்கு வயது பத்தொன்பது. நாடெங்கும் உள்ள ரசிகர்களுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் கையேடு எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பத்து வயதுத் தம்பி உட்கார்ந்திருந்தான். அதற்கு முந்தைய ஆண்டு அவர்களுடைய அப்பா வேலைக்கென்று கடல் கடந்து போனார். ஆறு மாதம் கடிதம் வந்தது. பிறகு வரவில்லை.

“ஏன்க்கா அவங்க திரும்பி வர மாட்டேங்கிறாங்க?” என்று தம்பி கேட்டான். கலத்தில் போகிறவர்களைத்தான் கேட்டான்.

“வர மாட்டேன்னு இல்லடா. வர முடியாது. அந்த வண்டியில திரும்புற வசதியே இல்ல.”

“நெசமாவா? யார் சொன்னா?”

அவள் நோட்டை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க, எண்பத்தெட்டாவது விதியாக எழுதினாள். எழுத்தில் பார்த்ததும் அவன் நம்பினான். அன்று முதல் வாசலைப் பார்த்து உட்காருவதை விட்டுவிட்டான். அப்பா உயிரோடு, நலமாக, வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார் என்பது பின்னாளில் வீட்டில் மூவருக்கும் தனித்தனியே தெரிந்தது. யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐந்தாண்டு கழித்து நிறுவனம் அந்தக் கையேட்டோடு அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது. கையேட்டில் இருந்ததையெல்லாம் அட்டைகளில் பெயர்த்தெழுதியபோது எண்பத்தெட்டு வந்தது. வலப்பக்க மூலையில் ஓர் எண் வேண்டும். 31 என்று எழுதினாள். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்பதுதான் பின்னாளில் அவளை உறுத்தியது. வேலியே பயிரை மேய்ந்தது. வேலியைச் சந்தேகிக்க யாருமில்லாததால் அது நன்றாகவே மேய்ந்தது.

அன்று பிற்பகல் தயாரிப்புத் தலைவர் அவளை அழைத்து, நாற்காலியைத் தம் கையாலேயே இழுத்துப் போட்டார். ஏதாவது கேட்கப்போகும் நாளில்தான் அவர் அப்படிச் செய்வார்.

“வெள்ளிக்கிழமை மேலிடத்துல கூட்டம் மேடம். மூணு வழி இருக்கு. ஒண்ணு, தொடர மொத்தமா இழுத்து மூடுறது. ரெண்டு, பத்தொன்பதாவது சீசன் கணக்குலயே வராதுன்னு அறிவிச்சுட்டு, பதினெட்டுலேருந்து வேற ஆள வெச்சு எழுதுறது.”

“மூணாவது?”

“எதுவும் செய்யாம இருக்கிறது. அத ஒரு வழின்னு யாரும் எடுத்துக்கல.”

ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். இறுதிக் காட்சி எண்பத்தெட்டாம் விதிக்கு முரணானது என்றும், சரிபார்ப்பாளரின் பார்வைக்கு வராமலே அது படமாக்கப்பட்டது என்றும் அதில் இருந்தது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

“என் பார்வைக்கு வந்துச்சே. பச்சை இங்க்ல கையெழுத்து போட்டிருக்கேன்.”

“அந்தப் பக்கம் என் டிராயர்லதான் இருக்கு. ஒரு காகிதம் காணாம போறது என்ன பெரிய விஷயம்? உங்கள கேக்காம பண்ணிட்டோம்னு ரசிகருங்க உங்களுக்காக அழுவுறாங்க மேடம். அவங்க நம்புறத நாம ஆமான்னு சொல்றோம், அவ்வளவுதான்.”

“எழுத்தாளர்?”

“அவருக்கு ரயில்வேல இன்னும் நண்பர்கள் இருப்பாங்க.” குரலைத் தாழ்த்தினார். “இனிமே உங்க அனுமதி இல்லாம இங்க ஒரு நட்சத்திரம் மின்னாது. பதவிப் பேரையே மாத்தப்போறோம். ‘பிரபஞ்சக் காவலர்.’ எப்படி இருக்கு?”

“விசிட்டிங் கார்டுல ஒரே வரியில வராது,” என்றாள் அகராதி.

பழம் நழுவிப் பாலில் விழுவதென்றால் இதுதான். கையெழுத்திட்டால் அவளுடைய பெயர் நிலைக்கும். தம்பி வெற்றி ஊர்வலம் விடுவான். ஒரு மனிதருடைய இரண்டாண்டு உழைப்பும் வேலையும் போகும். மறுத்தால், ஏன் மறுக்கிறாள் என்று சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை எழுத்தாளரைச் சாயம் காயவைக்கும் கூடத்தில் கண்டாள். ஐம்பதைக் கடந்தவர், மெலிந்தவர், கைக்கடிகாரத்தை நிமிடத்துக்கொருமுறை பார்க்கும் பழக்கம் இன்னும் போகாதவர். அட்டைத் தகட்டில் செய்த ஒரு கோளின்மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மேடம். உக்காருங்க. காஞ்சுடுச்சு, ஒட்டாது.”

“தபால் பாத்தீங்களா?”

“பாத்தேன். நேத்து ஒரு பொட்டலத்துல ஸ்பேனரும் வெச்சிருந்தாங்க. என்மேல நம்பிக்கை இருக்கிற ஆளு போல.” கோப்பையைக் கீழே வைத்தார். “போன வருஷம் உங்கள வந்து கேட்டேன், ஞாபகம் இருக்கா? முப்பத்தொண்ணுல அந்த இன்ஜினியர் வாயே தெறக்கலியே, எனக்குத்தான் காது போச்சோன்னு.”

“இருக்கு. எழுதுங்கன்னு சொன்னேன்.”

“ஏன்னு சொல்லல.”

அவள் கோளின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“தப்பா கேக்கல மேடம். எனக்குத் தோணினது இதுதான்: முடியாதுன்னா அந்தக் கொழந்தைகிட்ட முடியாதுன்னு சொல்லியிருப்பாரு. பேசாம இருந்தாருன்னா, முடியும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஒரு மௌனத்த வெச்சுத்தான் இருபத்திரண்டு எபிசோட் எழுதினேன். இப்ப பழைய படத்த எடுத்துப் பாக்கிறவங்ககூட என்ன சொல்றாங்க தெரியுமா? அந்த வசனம் மொதல்ல இருந்துச்சாம், எனக்காக கம்பெனி வெட்டிட்டாங்களாம். அவரு சொன்னத தங்களோட காதால கேட்டவங்க ஆயிரம் பேர் இருக்காங்க.”

“சின்ன வயசுல கேட்டிருப்பாங்க.”

“ஆமா. எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. வண்டி ஏன் தாமதம்னு காரணம் எழுதணும். தெரியலன்னு எழுதினா திட்டு விழும். அதனால என்னத்தையாவது எழுதுவோம். பின்னாடி பாத்தா, அந்தக் காரணத்த நம்பி யாரோ ஒரு பாலத்தையே கட்டியிருப்பாங்க.” சிரித்துக்கொண்டே எழுந்தார். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கையெழுத்து போட்டப்ப மனசாரத்தானே போட்டீங்க?”

“மனசாரத்தான் போட்டேன்.”

“அது போதும் எனக்கு,” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அது அவருக்குப் போதும் என்பதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அவர் ஒரு சத்தம் போட்டிருந்தால் திருப்பிக் கத்திவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

புதன்கிழமை தம்பியின் கடைக்கு விடுமுறை. அவன் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி தருபவன். ஓய்வு நேரத்தில் ஊழிக்கல ரசிகர் மன்றத்தின் தலைவன். மன்றத்தின் காணொளி அலைவரிசைக்கு ஒன்பது லட்சம் பேர் இருந்தார்கள். அகராதி அவன் வீட்டுக் கதவைத் தட்டியபோது நண்பகல்.

“வாங்க அகராதி வாங்க! உங்களுக்காக நாலு லட்சம் பேர் தெருவுல நிக்கிறோம்.”

“தெருவுலயா?” என்றாள் அவன் மனைவி உள்ளிருந்து. “ஒரு மாசமா சோபாவ விட்டு எழுந்திருக்கல அண்ணி. போர்வைகூட அங்கதான் இருக்கு. நீங்களாச்சும் கேளுங்க.”

“போராளிக்கு வீட்டுல மதிப்பு கிடையாதுக்கா. சரி சொல்லு. அந்தத் தண்டவாளம் உன்ன கேக்காமதானே எழுதினான்? ஒரு வார்த்த சொல்லு, இப்பவே லைவ் போட்டுடறேன்.”

“கேட்டாரு,” என்றாள் அவள். “நான்தான் கையெழுத்து போட்டேன்.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினான்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. முப்பத்தொன்றாம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, நோட்டில் எழுதியது எதனால், அட்டையில் எண் இட்டது யார் என்று நான்கு வாக்கியங்களில் சொல்லிமுடித்தாள். வழியில் வரும்போது அவற்றைப் பலமுறை திருத்தி அமைத்திருந்தாள். ஒரு சொல் மிகையில்லை, ஒரு சொல் குறைவில்லை. சொல்லி முடித்ததும், திருத்தியிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

தம்பி சோபாவிலிருந்த போர்வையை மடித்து வைத்தான். உள்ளே பாத்திரம் தேய்க்கும் ஓசை நின்றுவிட்டது.

“அந்த எபிசோட எத்தன தடவ பாத்திருப்பேன்னு நினைக்கிற?” என்றான் கடைசியில். “அவரு ஒண்ணும் சொல்லலன்னு எனக்குத் தெரியாதாக்கா? ஊர்ல இருக்கிறவன் கண்ணையெல்லாம் பாத்துச் சொல்றவன் நான். என் கண்ண நான் நம்பல. அக்கா எழுதியிருக்கு, அப்போ எங்கயோ இருக்கும், வெட்டிட்டாங்கன்னு நானே வீடியோ போட்டேன். ஆயிரம் பேர் ஆமான்னாங்க.”

“தெரியும்.”

“எனக்குப் பத்து வயசுல நீ சொன்னது பரவாயில்ல. அன்னைக்கு வேற என்ன சொல்லியிருப்ப? ஆனா பதினஞ்சு வயசுல சொல்லியிருக்கலாம். இருபதுல. கல்யாணத்தப்ப. இன்னைக்கு முப்பத்தாறுக்கா எனக்கு.”

அவளிடம் இருந்த விடைகள் எல்லாம் அவளுக்கே சாதகமாக இருந்தன. ஆகவே அவற்றை அவள் சொல்லவில்லை.

“அப்போ,” என்றான் அவன், சுவரைப் பார்த்து. “அவங்களால திரும்பி வந்திருக்க முடியும்.”

“எப்பவுமே முடியும்.”

“வரல.”

“வரல.”

கலத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று கேட்பவர் நினைக்கலாம். தம்பி எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவன் மனைவி கையைத் துடைத்தபடி வந்து, “சாப்பிட்டுப் போங்க அண்ணி,” என்றாள். அகராதி இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் தயாரிப்புத் தலைவரிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தாள். ஒன்று அவர் தந்தது, கையெழுத்தின்றி. மற்றது அவள் எழுதியது, பச்சை மையில் கையெழுத்தோடு. எண்பத்தெட்டாம் விதி தொடரில் எங்கும் சொல்லப்படவில்லை, பத்தொன்பது வயதில் அதைப் புனைந்தவள் நான், இல்லாத ஆதாரத்தைக் காட்டி அட்டையில் ஏற்றியவளும் நான், எழுத்தாளர் எந்த விதியையும் மீறவில்லை என்று அதில் கண்டிருந்தது.

தலைவர் இருமுறை படித்தார்.

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சு வெச்சிருந்தீங்களே மேடம், இருபத்தோரு வருஷம்! இப்ப எதுக்கு எடுத்து எலைக்கு வெளியில வெக்கிறீங்க? நான் மறைக்கச் சொல்றது ஒரே ஒரு பக்கம்.”

“அதுக்குத்தான் வெக்கிறேன். என் பொய்ய ஒத்துக்கிட்டாத்தான் உங்களோடதுக்கு மாட்டேன்னு சொல்ல முடியும்.”

அவர் நல்லவரும் அல்லர், கெட்டவரும் அல்லர். கூட்டத்துக்குப் போய்ப் பேச வேண்டியவர். போய்விட்டு வந்து முடிவைச் சொன்னார். அவள் அறிக்கை அன்றே வெளியிடப்படும். ரசிகர்கள் ஏற்றுக்கொண்டால் சீசன் நிற்கும், எழுத்தாளரும் நிற்பார். திங்கட்கிழமைக்குள் கொந்தளிப்பு அடங்காவிட்டால் சீசனோடு இருவரும் போகவேண்டும்.

ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அவளை வெறுத்திருந்தாலாவது வழி பிறந்திருக்கும். அவர்கள் அவளை நம்பவே மறுத்தார்கள். அகராதியை அறையில் அடைத்துவைத்து மிரட்டி வாங்கிய கையெழுத்து என்றார்கள். அறிக்கையின் மூன்றாம் வரியில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, இதை அவள் எழுதியிருக்க வாய்ப்பேயில்லை என்று ஒருவர் நிறுவினார். காற்புள்ளியை விட்டது அவளேதான். சனிக்கிழமை முழுதும் தானே எழுதினேன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் போட்டாள். அவள் கணக்கை நிறுவனம் பிடுங்கிக்கொண்டது என்று முடிவுகட்டினார்கள். இருபத்தாறு ஆண்டுகளாக அவள் சொன்னதையெல்லாம் வேதமென்று ஏற்றவர்கள், அவள் சொன்ன ஓர் உண்மையைக் கண்டுகொள்ளவில்லை.

தம்பியின் அலைவரிசை புதன்கிழமையிலிருந்து மௌனமாக இருந்தது. தளபதியும் மிரட்டப்பட்டிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவள் அவனை அழைக்கவில்லை. கேட்டால் செய்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்; அதனாலேயே கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. தம்பி மனைவி.

“அவரு பேசறாரு அண்ணி. நீங்க பாருங்க. நான் பாக்க மாட்டேன், பக்கத்து ரூம்லதான் இருக்கேன்.”

திரையில் தம்பி உட்கார்ந்திருந்தான். சவரம் செய்திருந்தான். மேசைமேல் ஒரு பழைய இருநூறு பக்க நோட்டு இருந்தது. அதை அவன் இத்தனை காலம் வைத்திருந்தான் என்பதே அவளுக்குத் தெரியாது.

“இது கையேட்டோட மொத பிரதி,” என்றான். “இதுலேருந்துதான் மத்ததெல்லாம் ஜெராக்ஸ் ஆச்சு. எங்க அக்கா கையெழுத்து. எல்லா விதிக்கும் பக்கத்துல எபிசோட் நம்பர் இருக்கு, பாருங்க.” பக்கங்களை ஒவ்வொன்றாகக் காமெராமுன் காட்டினான், அவசரப்படவில்லை. “இது எண்பத்தெட்டு. நம்பர் போடுற எடம் காலியா இருக்கு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், காலியா விட்டாங்க. யாரும் சொல்லாதத சொன்னதா எழுத அப்ப அவங்களுக்கு மனசு வரல. பின்னாடி வந்துச்சு. அது தப்பு. அத அவங்களே சொல்லிட்டாங்க.”

தண்ணீர் குடித்தான்.

“ஏன் எழுதினாங்கன்னு எல்லாரும் கேப்பீங்க. எனக்காக எழுதினாங்க. எனக்கு அப்ப ஒருத்தர் திரும்பி வரணும். அவர் வரல. வர முடியாதுன்னு இருந்தா எனக்குக் கொஞ்சம் சுலபமா இருக்கும்னு எழுதினாங்க. சுலபமாத்தான் இருந்துச்சு. உங்கள்ல நெறைய பேருக்கும் இருந்திருக்கும், அதனாலதான் இந்தக் கோபம்னு இப்பத் தோணுது. கலம் திரும்பும்னா நாம எல்லாம் வேற மாதிரி யோசிக்கணும். எனக்கு அது புடிக்கல. இன்னும் புடிக்கல. ஆனா அந்த எழுத்தாளர் பொய் சொல்லல. அவருக்கு நட்டு அனுப்புறத நிறுத்துங்க. அனுப்பியே ஆகணும்னா எனக்கு அனுப்புங்க. கேள்வி கேட்டவன் நான்தான்.”

திரை அணைந்தது. அகராதி மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அலைவரிசையிலிருந்து மாலைக்குள் இரண்டு லட்சம் பேர் வெளியேறினார்கள். விலைபோனவன் என்றார்கள் சிலர். நோட்டின் காகிதம் போதிய அளவு மஞ்சளாக இல்லை என்றார் ஒருவர். ஆனால் மீதிப் பேர் பழைய அத்தியாயத்தைத் திரும்பப் பார்த்தார்கள். இம்முறை நான்கு விநாடியும் மௌனமாகவே இருந்தது. திங்கட்கிழமை வந்த மனுக்களில் பாதி வேறு மாதிரி இருந்தன: திரும்பும் கலத்துக்கு எத்தனை ஆண்டு பிடிக்கும், எந்தத் தலைமுறை பூமியைப் பார்க்கும் என்று கேட்டிருந்தார்கள். நிறுவனம் எதையும் அறிவிக்கவில்லை. யாரும் வழியென்று கருதாத மூன்றாவது வழியையே கடைசியில் எடுத்துக்கொண்டது. எழுத்தாளருக்கு இன்னும் ஒரு சீசன் கொடுத்தார்கள். அகராதியின் அட்டைகளை இனி இன்னொருவரும் சரிபார்ப்பார் என்று ஏற்பாடாயிற்று. அதைக் கேட்டு வாங்கியவள் அவளே. ரசிகர்கள் அவளை அகராதி என்று அழைப்பதை விட்டுவிட்டார்கள். வேறு பெயர் எதுவும் வைக்கவில்லை.

தம்பி மூன்று வாரம் பேசவில்லை. நான்காம் வாரம் அவள் அவன் கடைக்குத் தொலைபேசி செய்து, மற்றவர்களைப் போலவே கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கிக்கொண்டு போனாள். அவன் அவளை உயர நாற்காலியில் உட்காரவைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, விளக்கைக் குறைத்தான். எதிர்ச் சுவரில் எழுத்து வரிசைகள் ஒளிர்ந்தன.

“இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா?”

“மொதல்ல போட்டது.”

“ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும். இத்தன நாள் எப்படித்தான் படிச்சியோ.” வில்லையை மாற்றினான். பிறகு, தொழில்முறைக் குரலிலேயே கேட்டான்: “அவங்க வந்து சேந்ததும் என்ன பண்ணுவாங்க?”

வரப்போகும் கதையைப் பற்றி இருபத்தோராண்டில் அவள் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை, தம்பியிடம் கூட.

“இன்னும் எழுதல. எழுத்தாளர் யோசிச்சுட்டிருக்காரு.”

“கதவத் தட்டுவாங்களா? இல்ல, நேரா உள்ள வந்துடுவாங்களா?”

“நீ என்னடா நினைக்கிற?” என்றாள்.

அவன் கையில் வில்லையை வைத்துக்கொண்டு நின்றான்.

“தட்டணும்,” என்றான். “சொந்த வீடா இருந்தாலும் தட்டணும். அத்தன வருஷம் கழிச்சு வர்றவங்க தட்டிட்டு வெளியில நிக்கணும்.”

“உள்ள இருக்கிறவங்க தெறப்பாங்களா?”

“அது உள்ள இருக்கிறவங்க பாடு,” என்று சொல்லி, அடுத்த வில்லையைச் சட்டத்தில் செருகினான்.